கண்ணாடி இல்லாத அறை

மார்ச் 4, செவ்வாய்

இன்று முதன்முறையாகத் தனியாக ஒருவருடைய மனக்குறையைக் கேட்டேன். மனநல ஆலோசனை மையம், இரண்டாவது மாடி. கீழே டைல்ஸ் கடை. எதிரெதிரே இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ டப்பா, ஓடாத கடிகாரம். பயிற்சி முடிய நாற்பது மணி நேரம் கேட்டாக வேண்டும். ஒன்று ஆயிற்று.

பெயர் எழுதக் கூடாது என்பது விதி. நாட்குறிப்பிலும். அழகு நிலையம் வைத்திருக்கிறார், என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். கத்தரி அக்கா என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரு மாதமாகக் கை நடுங்குகிறதாம். கத்தரி எடுத்தால் மட்டும். நரம்பு டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று இங்கே அனுப்பிவிட்டார். போன வாரம் ஒருவருடைய காது தப்பியது தெய்வச் செயல் என்றார். நான் சிரித்துவிடக் கூடாதென்று டிஷ்யூ டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6

எதிரில் இருப்பவர் சொன்னதையே திருப்பிச் சொல்லும் பாடத்தை அண்ணனிடம் பழகிப் பார்த்தேன்.

"உனக்குப் பசிக்குதுன்னு நீ உணர்ற."

"உணரல. பசிக்குது. தட்ட வை."

மார்ச் 11, செவ்வாய்

கத்தரி அக்கா வாடிக்கையாளர்களைப் பற்றியே பேசுகிறார். யார் விவாகரத்து, யார் தலையில் பொடுகு. தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"ஒருத்தி இன்னைக்கு மாமியாரை அரை மணி நேரம் திட்டிட்டுப் போனா."

"அரை மணி நேரம் திட்டினாங்க..." என்றேன், பாடத்தில் உள்ளபடி. மென்மையாக. தலையை லேசாகச் சாய்த்து.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, நானும் கடையில இதேதான் செய்வேன். 'ஓ, அப்படியா சொன்னாங்க'ன்னு வாய் அது பாட்டுக்குச் சொல்லும். மனசு அடுத்து யாரு வரணும்னு பாத்துட்டிருக்கும்."

"உங்களுக்கு நான் கேக்கலைன்னு தோணுது."

"பாத்தியா, திருப்பியும்!"

மார்ச் 12

பதிவை மேடம் கேட்டார். என் மேற்பார்வையாளர், பயிற்சி மாணவர்களின் ஒவ்வோர் அமர்வையும், வருபவரின் சம்மதத்தோடு, ஒலிப்பதிவில் கேட்பவர். கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"'உணர்றீங்க' பதினேழு தடவை. 'தோணுது' ஒன்பது. நல்லாத்தான் இருக்கு. இதுல நீ எங்கம்மா இருக்க?"

எங்கே இருக்கிறேன்? அறையில்தானே இருந்தேன்.

"கேக்கறவங்களுக்கு மூணு விஷயம் வேணும். நிபந்தனை இல்லாம ஏத்துக்கணும். அவங்க இடத்துல இருந்து பாக்கணும். மூணாவது என்ன?"

உள்ளே இருப்பதும் வெளியே தெரிவதும் ஒன்றாக இருப்பது. ஒப்பித்தேன். தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி. பத்தும் வாங்கியவள்.

மார்ச் 18, செவ்வாய்

ஐம்பது நிமிடம் வெயிலைப் பற்றிப் பேசினோம். போகும்போது மட்டும்: "உங்க முடி பின்னாடி ஒரு பக்கம் விரல் நீளம் ஜாஸ்தியா தொங்குது. யாரு வெட்டினது?"

நானேதான். சொல்லவில்லை.

மார்ச் 21

கத்தரி அக்கா வரவேற்பு மேசைக்கு ஃபோன் செய்திருக்கிறார். வரும் செவ்வாயோடு போதுமாம். அவர் போனால் இன்னொருவர் வருவார், என் நாற்பது மணி எப்படியும் நிறையும். அப்படியானால் அவர் போகக் கூடாதென்று ஏன் நினைக்கிறேன்? — அந்தக் கை. அது ஏன் நடுங்குகிறது என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. நானும்தான்.

மார்ச் 25, செவ்வாய்

எழுத வேண்டும். வரிசையாக.

வந்து உட்கார்ந்தார். கடைக்குப் புது வாஷ்பேசின் வாங்கும் கதை. பாதியில் நிறுத்தி, "இப்ப நான் என்ன சொன்னேன்?" என்றார்.

வாஷ்பேசின் என்று சொல்லியிருக்கலாம். என்ன வந்ததோ எனக்கு. "தெரியல. நான் கேக்கல. அடுத்து என்ன சொன்னா நீங்க போகாம இருப்பீங்கன்னு யோசிச்சிட்டிருந்தேன். பயமா இருந்துச்சு. அந்த முடியும் நானே வெட்டினதுதான்."

கத்தரி அக்கா வெகுநேரம் சிரித்தார். பிறகு சொன்னார்: "நேருக்கு நேர் உக்காந்தா எனக்குப் பேச்சு வராதும்மா. இருபது வருஷமா எல்லார்கிட்டயும் கண்ணாடியப் பாத்துத்தான் பேசறேன். இங்க ஒரு கண்ணாடி இல்ல. நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினேன். சுவர். ஓடாத கடிகாரம். அவர் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். தொடவில்லை. அவர் இருபது வருடம் நின்ற இடம் அது என்பது அப்போதுதான் உறைத்தது.

என் பின்னந்தலையிடம் சொன்னார்.

"அம்மாவுக்குப் புத்துநோய். போன மாசம் தெரிஞ்சுது. கீமோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, 'கொட்டப் போற முடிய நீயே எடுத்துடு, வேற எவளும் தொடக் கூடாது'ன்னாங்க. நாளைக்கு நாளைக்குன்னு தள்ளறேன். இப்ப தலையணையெல்லாம் கொத்துக் கொத்தா. நான் பாக்கக் கூடாதுன்னு, நான் எந்திரிக்கறதுக்குள்ள பெருக்கி எடுத்துடறாங்க. பெருக்குற சத்தம் கேக்குது. நான் தூங்கற மாதிரி படுத்திருக்கேன்."

பாடத்தில் இருந்த எதுவும் அந்த நேரத்தில் அறையில் இல்லை. எவ்வளவு நேரம் போயிற்றோ. டிஷ்யூ டப்பா என் தலைக்கு மேலாக வந்தது.

"எடுத்துக்கோம்மா."

மார்ச் 26

"நடுவுல நாலு நிமிஷம் ஒண்ணுமே இல்லையே, ரெக்கார்டர் நின்னுடுச்சா?" மேடம்.

"இல்ல மேடம். நாங்க இருந்தோம்."

"நாற்காலி இழுக்கற சத்தம்?"

சொன்னேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்ததையும்.

"டிஷ்யூ யாருக்கு?"

"...எனக்கு."

திட்டப் போகிறார் என்று தயாரானேன். தாளில் ஏதோ எழுதினார். எதிரிலிருந்து தலைகீழாகப் படித்தேன். ஒரே சொல்: வந்துவிட்டாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அடுத்த வாரமும் வருகிறேன் என்று சொல்லிப் போன கத்தரி அக்கா வரவில்லை. ஐம்பது நிமிடமும் அறையிலேயே இருந்தேன். பின்னால் யாரும் இல்லை.

ஏப்ரல் 3

சொன்னதெல்லாம் அதிகமோ? "பயமா இருந்துச்சு" — அதை அவர் தலையில் ஏன் போட்டேன்? அண்ணனிடம் கேட்டால், "நீ கவலைப்படறதா உணர்ற" என்கிறான். செய்த வினை.

ஏப்ரல் 8, செவ்வாய்

வந்தார்! நேரே போய் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நான் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

"எடுத்துட்டேன்ம்மா. போன செவ்வாய். அதான் வரல. அம்மா சேர்ல உக்காந்துகிட்டு, 'மேடம், ரொம்பக் குட்டையா வேணாம்'ங்கறாங்க. அந்தக் கொழுப்பு மட்டும் குறையல."

"கை?"

"நடுங்கிச்சு. நடுங்கட்டும்னு எடுத்தேன். பாதியில ரெண்டு பேரும் அழுதோம். அப்புறம் அவங்களே, 'ஏண்டி, ஒரு பக்கம் மட்டும் இருக்கு, யாராவது வந்து பாத்தா என்ன நெனைப்பாங்க, சீக்கிரம் ஆகட்டும்'னாங்க."

வாசலில் நின்று: "நீங்க என் கடைக்கு வரக் கூடாதுன்னு ஏதாவது விதி இருக்குமே?"

"இருக்கு."

"நல்ல விதி. வேற எவளாவது வெட்டட்டும். நான் குறை சொல்லிக்கறேன்."

ஜூன் 24, செவ்வாய்

கத்தரி அக்காவோடு கடைசி அமர்வு. கை பெரும்பாலும் சொன்னபடி கேட்கிறதாம். என் முடியைப் பார்த்தார். வேறு கடையில் வெட்டியது. ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

வரவேற்பு மேசையில் இருப்பவர் ஒரு சீட்டை நீட்டினார். "ஒரு அம்மா ஃபோன் பண்ணாங்க. எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல, சொன்னத அப்படியே எழுதிட்டேன்."

'அம்மாவுக்கு ஒரு விரல் வளந்திருக்கு. இன்னைக்கு ஓரம் வெட்டினேன். நேரா வந்துச்சு.'

மூன்று மணிக்குப் புதியவர். வயது இருபது இருக்கும். என் பக்கமே திரும்பவில்லை, ஜன்னலையே பார்த்தார். என் நாற்காலியையும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். கீழே லாரியிலிருந்து டைல்ஸ் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரம் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"ஒண்ணு உடையும்னு பாத்தேன்" என்றார்.

"நானும்தான்."