குசினிக்குள் போன மருமகன்

சரோசாவின் அப்பாவுக்கு, இஞ்சருங்கோ, ஒரு நல்ல புதினம் சொல்லவேணும்.

நீங்கள் கண்மூடிய பிறகு, உங்களோடு கடையில் நின்ற மருமகன் நடேசன்தானே எங்கள் மாத்தறைக் கடையைப் பார்த்தார். எண்பத்து மூன்று கலவரத்தில் அதை எரித்துவிட்டார்கள். உடுத்த சாரத்தோடு எங்கள் ஊர் சுருவிலுக்கு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து வீடு சரோசாவின் சம்பளத்தில்தான் ஓடுகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற என் வயிற்றில் பிறந்தவள், வள்ளமேறி நயினாதீவுக்குப் போய்க் கணக்குப் படிப்பிக்கிறாள்! எனக்கிருக்கும் பெருமை கொஞ்சமில்லை.

ஆனால் மருமகன் மெலிந்துகொண்டே போனார். நித்திரையில்லை, நெஞ்செரிவு. சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிவிடுவார். டாக்டர் சோதித்துவிட்டு, "உடம்பிலை வருத்தம் ஒண்டுமில்லை" என்றார்.

எங்கள் ஊரில் மீன் வாங்கப் போவது ஆம்பிளைகள்தானே. அவர் மனம் நோகக்கூடாதென்று சரோசா அவருடைய சட்டைப் பையில் சத்தமில்லாமல் காசு வைத்துவிடுவாள். அதுதான் அவரை அரித்தது. ஒருநாள் சட்டையைக் கழற்றிக் கதிரையில் எறிந்தார்.

"மாமி, இது என்ரை காசில்லை எண்டு மீன்காரனுக்கும் தெரியும். இனி நான் கடற்கரைப் பக்கம் போகன்."

வீட்டில் மீன் நின்றது. இந்த மனுசன் இப்படியே படுக்கையில் விழுந்தால் என் பிள்ளை என்ன செய்வாள்?

போன மாதம் எனக்குக் காய்ச்சல். சரோசா பள்ளிக்கூடத்தில். பேத்தி மீன் கேட்டு அழ, மருமகன் பொறுக்கமாட்டாமல் போய் வாங்கிவந்து, தானே குசினிக்குள் போய்க் குழம்பும் வைத்தார். காய்ச்சல் வாய்க்கும் அப்படி ஒரு ருசி!

"எங்கை பழகினனீங்கள் தம்பி?"

"கடையிலைதான் மாமி. மாமாதான் பழக்கினவர். அங்கை எங்கள் எல்லாருக்கும் அவர்தானே சமைக்கிறவர்."

அட, இதென்ன கூத்து! லீவில் வந்தால் குசினி வாசலை மிதிக்காத ஆள் நீங்கள். ஏன் எனக்குச் சொல்லவில்லை? நான் சிரிப்பேன் என்றா?

இப்போது குசினி மருமகனுடையது. சரோசா சம்பளத்தை மேசையில் வைக்கிறாள். என்ன வாங்குவதென்று இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பொன்னையா அண்ணை வேலியால் எட்டிப் பார்த்து, "என்ன நடேசன், மனுசி உழைக்க நீர் அடுப்பூதுறீரோ?" என்றார்.

"ஓம் அண்ணை. மணத்துக்கு வேலியடியிலை வந்து நிக்கிறது ஆர்?"

நெஞ்செரிவு போய்விட்டது. கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. அவர் சிரிக்க, என் பிள்ளையும் சிரிக்கிறாள்.

ஊர் என்ன சொன்னாலும் அவரைக் குசினியிலிருந்து கிளப்ப ஒருவரையும் விடமாட்டேன். நான் அங்கே வரும் நாளில் நீங்கள் சமையுங்கள், சட்டி நான் கழுவுகிறேன். இது சத்தியம்.

உங்கள் கைச்சோறு இன்னும் உண்ணாத மனைவி,
சரோசாவின் அம்மா