நல்ல காலில் சுற்றிய டேப்

சனி, இரவு.

போன வாரம் பிசகியது என் வலது கணுக்கால். கபடியில் டேப் சுற்றிய காலைத்தான் எதிரணி பாய்ந்து பிடிக்கும். ஏமாறட்டும் என்று இன்றைய மேட்சில் நல்ல இடது காலில் சுற்றிக்கொண்டேன். ஏமாந்தார்கள், மூன்று பாயிண்ட். நான்காவது ரெய்டில் வெறும் வலது கால் மடங்கியது. விழுந்து அலறினேன். எங்கள் டீம் சீனு ஓடிவந்து இடது காலில் ஐஸ் வைத்தான்.

"அந்தக் கால் இல்லடா!"

"நடிக்காத மச்சி, டேப் இதுலதானே கீது?"

ஊரார் காலையெல்லாம் வாருகிற என்னை என் காலே வாரிவிட்டது.

விடிந்தால் மந்தைவெளியில் மாவட்ட ஜூனியர் அணித் தேர்வு. வயது வரம்பில் எனக்கு இதுதான் கடைசி வருடம். வலது காலை ஊன்றவே முடியவில்லை. டேப் சுருளும் தீர்ந்துவிட்டது. இடது காலில் இருந்ததைப் பிரித்து வலதில் சுற்றுகிறேன். நல்ல காலின் முடியெல்லாம் அதில் ஒட்டியிருக்கிறது. வீங்கிய காலில் மட்டும் டேப் ஒட்ட மாட்டேன் என்கிறது.

ஒட்டித் தொலையேன், ப்ளீஸ்.