பஸ்ஸில் வந்த நாற்பது பேர்

சிட்லபாக்கம்
14.8.94

அன்பு மகள் ஜோதிக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க தினமும் ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மனசுதான் சரியில்லை. மூன்று வாரமாக இந்தக் கடிதத்தை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன். நம் பின்வீட்டு சாலமோன் போய்விட்டான் ஜோதி. ஏரிக்கரையில் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடி உனக்கு சைக்கிள் பழக்கினானே, அவன்தான். காலை ஷிப்டுக்கு சைக்கிளில் போகும்போது பெரிய ரோட்டில் லாரி அடித்துவிட்டது.

ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று போன வருஷம் எழுதியிருந்தேன் அல்லவா. வண்டிகள் சீக்கிரம் போகணுமாம், அதற்காக ஓரத்தில் சைக்கிள் போகிற மண்பாதையையும் சேர்த்துத் தார் போடுவதாக இருந்தது. பாக்டரிக்குப் போகிற ஜனங்கள் எதில் போவார்கள் என்று மனு எழுதி நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கினேன். ஆபீசர் நேரில் பார்க்க வருவதாகத் தேதியும் கொடுத்தார்கள். அங்கேதான் என் புத்தி கெட்டுப்போனது. ஹெட்மாஸ்டராக இருந்த பழக்கம் விடுமா. பெரிய ஆபீசர் முன்னால் வியர்த்து வழிந்து நிற்காதீர்கள், கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டு பஸ்ஸில் வாருங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சாலமோன் மட்டும், இன்னாத்துக்கு சார் பஸ்ஸு, சைக்கிள்லயே மிதிச்சிகினு வந்துடறோமே என்றான். சொன்னதைச் செய்டா என்று அதட்டினேன். அவனும் சட்டை கசங்காமல் பஸ்ஸில் வந்து இறங்கினான். ஷிப்டு நேரமும் தாண்டிவிட்டது, ரோட்டில் ஒரு சைக்கிள் இல்லை. எல்லோரும் எதில் வந்தீர்கள் என்று ஆபீசர் கேட்டார். பஸ்ஸில் சார் என்று பெருமையாகச் சொன்னவன் நான்தான். இங்கே சைக்கிள் அதிகமில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மண்பாதையையும் மூடித் தார் போட்டு இரண்டே மாதத்தில் இப்படி ஆகிவிட்டது.

அடக்கத்துக்கு எப்படி வரவேண்டும் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. ஷிப்டு முடிந்து அழுக்குச் சட்டையோடு அப்படியே சைக்கிளில் வந்துவிட்டார்கள். பெட்டிக்குப் பின்னால் ரோடு முழுக்க சைக்கிள், லாரியும் பஸ்ஸும் அரைமணி நேரம் நின்றன. அன்றைக்கே இப்படி வந்திருந்தால் என்று நடுரோட்டில் அழுதுவிட்டேன். அவன் மனைவி தபீதாள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. நீ மறக்காமல் அவளுக்கு இரண்டு வரி எழுது. டியூட்டி டியூட்டி என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

ரோடு வேலை அடுத்து பெருங்களத்தூர் பக்கம் போகிறதாம். வருகிற இருபதாம் தேதி பார்வையிட வருகிறார்கள், காலை ஷிப்டு நேரத்துக்கே வரச் சொல்லி எழுதிப்போட்டிருக்கிறேன். எல்லோரும் சைக்கிளில்தான் வருவார்கள். உன் பழைய சைக்கிளை விற்றுவிடச் சொல்லியிருந்தாய், நான் விற்கவில்லை. டியூப் மாற்றி வைத்திருக்கிறேன். எனக்குத்தான் விடத் தெரியாதே, உருட்டிக்கொண்டாவது போய் நிற்பேன். சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓட இப்போது சாலமோன் இல்லை.

கர்த்தர் உன்னை எந்தத் தீங்கும் அண்டாமல் காப்பாற்றட்டும்.

உன் அப்பா
தனசிங்