அண்ணி இறங்குவதற்கு ஒரு படி

பாசமுள்ள அண்ணாவுக்கு,

பேசாமல் இருந்தது போதும். நீங்கள் போன பிறகு உங்கள் நண்பர்கள் எல்லோரும் நம் பகுதி மாத இதழில் ஆளுக்கொரு பக்கம் எழுதிவிட்டார்கள். கூடப் பிறந்தவன் மட்டும் எழுதவில்லை. செத்தவரைப் புகழ்ந்துதான் எழுத வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, அதற்கு என் கை வரவில்லை.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். துடியலூர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், பந்தியில் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால், "எங்க தம்பிக்கு உலகத்துல எல்லாம் தெரியுமுங்க, ஒரு ஆணி அடிக்கத்தான் தெரியாது" என்றீர்களே. எல்லோரும் சிரித்தார்கள். நான் பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்து வந்தவன்தான். அப்புறம் நீங்கள் போகும்வரை அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நீங்களும் கூப்பிடவில்லை.

அதைக்கூட விட்டுவிடலாம். உங்களுக்கு இருந்த நோயை ஏன் எனக்குச் சொல்லவில்லை? மருந்துக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. துணி தேய்க்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது. சரவணம்பட்டியில் இருக்கிற எனக்கு, கூட்டத்தோடு கூட்டமாக வந்து மாலை போடும்போதுதான் தெரிந்தது.

சரி. நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

கவிதா பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். "சித்தப்பா, அம்மாவுக்கு முழங்கால் ரொம்ப மோசமுங்க. மாடிக்கே போறதில்ல, ஹால்லதான் படுக்கறாங்க. தண்ணிக்குள்ள நடந்தாச் சரியாகும்னு டாக்டர் அப்பவே சொன்னாருங்க. சித்திரையில வருவேன். அதுக்குள்ள மாடிப்படி ஏறலைன்னா வீட்டப் பூட்டிப்போட்டு இங்க கூட்டிட்டு வந்துடறேன்" என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, நீங்கள் வாங்கி வைத்த நீச்சல் தொட்டி கார் ஷெட்டில் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது என்றும், அதை மாட்டிக் கொடுக்க முடியுமா என்றும் கேட்டாள்.

ஆணி அடிக்கத் தெரியாதவனிடம் கேட்கிறாள், பாருங்கள்.

போனேன். அண்ணி என்னைப் பார்த்து, "வாங்க தம்பி, காப்பி குடிக்கிறீங்களா?" என்றார், நேற்றுத்தான் வந்துபோனவனிடம் கேட்கிற மாதிரி. பெங்களூர் போக அவருக்கு இஷ்டமில்லை. "அங்க போயி லிஃப்டுல ஏறி எறங்கறதுதான் பொழப்புங்களா?" என்று மட்டும் சொன்னார்.

தொட்டியை நிறுத்துவதில் கஷ்டமில்லை. இரும்புச் சட்டம், உள்ளே நீல ஷீட், தண்ணீர் நிரப்பினால் நெஞ்சளவு ஆழம். தகராறு அதோடு வந்த ஏணியில். ரெண்டு பக்கமும் சாய்ந்து நிற்கிற ஒல்லியான ஏணி, விரல் தடிமனில் படி. அண்ணி அதைச் சுற்றி வந்து பார்த்தார். "இதுல ஏறுனா தென்னை மரம் ஏறுற மாதிரிங்க தம்பி. ஏறிடலாம். எறங்க உங்க அண்ணன்தான் மேல இருந்து வரணும்."

அகலமான படி வேண்டும், இரு பக்கமும் பிடி வேண்டும், முகத்தை முன்னால் வைத்தே இறங்க வேண்டும். கடையில் பிளாஸ்டிக்கில் அப்படி ஒன்று கிடைக்கிறது என்று தெரிந்தும் நான் வாங்கவில்லை. கோயமுத்தூர்க்காரன் எவன் கடையில் பார்த்ததை அப்படியே வாங்கியிருக்கிறான்? போட்டோ எடுத்துக்கொண்டு கணபதியில் சாதிக் பாய் பட்டறைக்குப் போனேன். அவர் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை.

"நம்மூர்ல இதையெல்லாம் போயி வாங்குவாங்களா சார்? எஸ்.எஸ். பைப்ல செஞ்சுபோடறேன். யானையே எறங்கலாம்."

"யானை எறங்க வேண்டாங்க பாய். எங்க அண்ணி எறங்கணும்."

"அப்ப ரெண்டு பேரும் எறங்கலாம்."

படி பளபளவென்று வந்தது. வெல்டிங்கில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆளுக்கொரு பக்கம் தூக்கித் தண்ணீருக்குள் இறக்கினோம். தொட்டிக்கு அடியில் இருப்பது வெறும் ஷீட்தான், படியின் கால்கள் வெறும் பைப்தான் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. காலையில் அண்ணி போன் செய்தார். "தம்பி, தண்ணி கிளம்பிப் போயிடுச்சுங்க." வந்து பார்த்தால் வாழையெல்லாம் சேற்றில் நிற்கிறது, தொட்டி தொளதொளவென்று உட்கார்ந்திருக்கிறது. படி மட்டும் கம்பீரமாக நடுவில்.

அண்ணி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "உங்க அண்ணன் இருந்திருந்தா இந்நேரம் வெள்ளகோவில் சொந்தக்காரங்க வரைக்கும் போன் பண்ணிச் சொல்லியிருப்பாருங்க." சொல்லியிருப்பீர்கள். தெரியும். ஆனால் நீங்கள் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்ததாக வேலைக்காரம்மா கவிதாவிடம் சொன்னாளாம், கவிதா அப்புறம் எனக்குச் சொன்னாள். என் மானம் போனதால் ஆன ஒரே நல்லது.

பைப் குத்திய கிழிசலை ஒட்டினோம். பிளாஸ்டிக் படியை வாங்கினேன். தண்ணீரில் வைத்ததும் அது கப்பல் மாதிரி மிதந்தது. உள்ளே மணல் மூட்டைகளை அடைத்த பிறகுதான் அடங்கி நின்றது. அடியில் தடித்த ரப்பர் விரிப்பு. தொட்டிக்கு வெளியே ஏறுகிற படிக்கட்டுக்குக் கீழே சிமெண்ட் பலகைகள் பதித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். எங்கே தரை சமமாக இருந்ததோ, அந்தப் பக்கமே வைத்தேன். நானே ஏறி, நானே இறங்கி, பிடியை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. உங்களை நினைத்துக்கொண்டேன், கொஞ்சம் கர்வமாகத்தான்.

அண்ணி இறங்கவில்லை.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க தம்பி." அடுத்த தடவை போனால், "இப்பத்தானுங்க தலைக்குக் குளிச்சேன்." அதற்கடுத்து, "வெயிலுங்க." வெயில் தாழ்ந்த பிறகு, "பனி எறங்குதுங்க." பங்குனியில் ஏது பனி? ஒவ்வொரு தடவையும் காப்பி, முறுக்கு, சிரித்த முகம். கவிதா வருகிற நாளோ நெருங்குகிறது. இப்படித்தானே உங்கள் நோயையும் சிரித்த முகத்தோடு மறைத்தீர்கள் ரெண்டு பேரும் என்று எனக்குள் பழையதெல்லாம் கொதித்துக்கொண்டு வந்தது. ஒருநாள் கேட்டே விட்டேன். "நான் வெச்ச படிங்கறதுனால எறங்க மாட்டீங்களா அண்ணி?"

அவர் காப்பித் தம்ளரை வைத்துவிட்டு, எதிர் அடுக்குமாடியைக் காட்டினார். பால்கனியில் ரெண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அதப் பாருங்க. நனைஞ்ச நைட்டியோட அந்தப் படி மேல ஏறி நிக்கச் சொல்றீங்களா? இத நான் வாயத் தொறந்து வேற சொல்லணுமா?"

எனக்குத் தரை சமமாக இருந்தது தெரிந்தது. பால்கனி தெரியவில்லை.

கோபம் வந்த சூட்டிலேயே கேட்டேன், "அண்ணனுக்கு முடியலைன்னும் நீங்க சொல்லலையே, அண்ணி."

அண்ணி முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அப்புறம் சொன்னார், "நான் சொல்லலாம்னேனுங்க. அவருதான், 'பாவப்பட்டு வர வேண்டாம். அவனுக்கா வரணும்னு தோணி வந்தா வரட்டும்'னாரு. சாயங்காலம் வாசல் கேட்டு தொறக்கற சத்தம் கேட்டா எட்டிப் பாப்பாருங்க. பால்காரரா இருக்கும்."

எவ்வளவு பெரிய ஆள் நீங்கள், அண்ணா. ஒரு போன் செய்திருக்கக் கூடாதா? இதையும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கேட்டைத் திறக்கும்போது கொஞ்சம் சத்தமாகவே திறக்கிறேன்.

மூட்டைகளை வெளியே எடுத்து, படியைச் சமையலறைப் பின்சுவர்ப் பக்கம் மாற்றினோம். சாதிக் பாய் தன் எஸ்.எஸ். படியை அறுத்துத் தூண்களாக நட்டு, பச்சை வலை கட்டினார். "யானை போனாப் போகுது சார், வலையாச்சும் நிக்கட்டும்" என்றார்.

போன வாரம் அண்ணி, "நீங்க முன்னாடி போயி உக்காருங்க தம்பி" என்றார். கார் ஷெட்டில் உட்கார்ந்தேன். அத்தனை பாடுபட்டு வைத்த படியில் அவர் இறங்குவதை நான் பார்க்கவில்லை. காதுக்கு மட்டும்தான் கிடைத்தது. பிளாஸ்டிக் படி ஒருமுறை கிறீச்சிட்டது. நின்றது. மறுபடி கிறீச்சிட்டது. அப்புறம் தண்ணீர் மெதுவாக நகர்கிற சத்தம், தொட்டியைச் சுற்றிச் சுற்றி. வலைக்கு உள்ளிருந்து குரல் வந்தது: "தம்பி, அடுப்புல பால் இருக்குது, பொங்கிடாமப் பாத்துக்கங்க."

இப்போது தினமும் இறங்குகிறார். நேற்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் பாதி தூரம் ஏறி, அங்கேயே உட்கார்ந்து, மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். சித்திரைக்குள் முழுவதும் ஏறுவாரா? தெரியவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். வாராவாரம் வந்து படியின் பாசியைத் தேய்ப்பேன், மணல் மூட்டைகளைப் பார்ப்பேன். கவிதா வந்ததும், அண்ணி சிரித்துக்கொண்டே "செரிங்க" என்று தலையாட்டுவதற்கு முன்னால், அம்மாவுக்கு வர இஷ்டமில்லை என்று நான் நேராகச் சொல்லிவிடுவேன். நம் குடும்பத்தில் ஒருத்தனாவது ஒன்றை நேராகச் சொல்லட்டும்.

இதை மாத இதழுக்கே அனுப்பப் போகிறேன். என் பெயரைப் போட்டால் யார் வீட்டுத் தொட்டி, யார் இறங்கினார் என்று நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். வலை கட்டியதே அதற்காகத்தானே. அதனால் பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.

உங்கள் கூடப் பிறந்த தம்பி