அத்தான் தூக்காத கை

மார்ச் 3, 2011

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். 1973-இல் எங்கள் நிலக்கரிச் சுரங்கத்துக்கு மால்கம் திரெல்ஃபால் படமெடுக்க வந்தபோதே, “ஒரு நாள் உங்களையே படமெடுப்பாங்க” என்றேன். இன்று பிப்பா என்ற பெண் காமிராவோடு ஊருக்கு வந்துவிட்டாள். அவரைத் தெரிந்தவர்களிடமெல்லாம் பேட்டியாம். முதலில் என்னிடம்தான் வந்தாள். சரி, ஆறாவதாக.

மார்ச் 4

என்ன நாட்கள் அவை. திரெல்ஃபால் நடிகர்களைக் கூட்டிவரவில்லை, வசனமும் தரவில்லை. முதலாளிமார் படத்துக்குத்தான் அதெல்லாம் என்பார். சுரங்கத் தொழிலாளர் கிளப்பில் எங்களையே உட்காரவைத்து, “வேலைநிறுத்தம் வேணுமா வேணாமா, நெசமாவே ஓட்டுப் போடுங்க” என்றார். பீர், புகை, ஈரக் கோட்டு நாற்றம். நூற்றிருபது கைகள் எழுந்தன. எனிட் அக்காவின் கணவர் கிளிஃபோர்ட் அத்தான் மட்டும் தூக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு அது படமில்லை, ஓட்டு. மறு வருஷம் நிஜ வேலைநிறுத்தத்தில் அத்தான் ஒரு நாள்கூட வேலைக்குப் போகவில்லை. அப்படியும் கருங்காலி என்ற பெயர் அவரோடு புதைகுழிக்குள் போனது. அக்கா கிளப் வாசலை மிதித்து முப்பத்தேழு வருஷம்.

மார்ச் 9

அக்கா கேட்டாள். “டேய் ஸ்டான்லி, ஊரெல்லாம் அளக்குறியே, உங்க அத்தானுக்காக ஒரு தடவை வாயத் தொறக்க மாட்டியா?”

ஏன் தூக்கவில்லை என்று அவரை நானும் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை?

மார்ச் 11

மூன்று மணி நேரம் பேட்டி கொடுத்தேன். “கொஞ்சம் சுருக்கமா, ஐயா” என்று பிப்பா நாலு தடவை கெஞ்சினாள். அத்தான் விஷயத்தையும் சொன்னேன்: “திரெல்ஃபால் அவர் காதுல வந்து, நீ மட்டும் தூக்காதே, படத்துக்கு ஒருத்தன் வேணும்னாரு. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.”

செப்டம்பர் 24

பிப்பாவின் படத்தைக் கிளப்பில் போட்டார்கள். அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். சக்கர நாற்காலியில் திரெல்ஃபாலும் வந்திருந்தார். என் பேச்சு வந்ததும் நாற்காலியில் இன்னும் கீழே சரிந்து உட்கார்ந்தேன். யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்காமல் படமெடுத்தவர் என்பதுதானே அந்த மனுஷனின் வாழ்நாள் பெருமை.

அத்தானோடு கடைசிவரை பேசாத ஹாரி பார்ன்ஷா திரெல்ஃபால் பக்கம் திரும்பிக் கேட்டான்: “நெசமாய்யா?”

திரெல்ஃபால் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவை, நெடுநேரம்.

“ஆமா. நான்தான் சொன்னேன்.”

ஹாரி எழுந்து போய் ஒரு கிளாஸ் கறுப்புப் பீர் வாங்கிவந்து அக்காமுன் வைத்தான். “குடி, எனிட்.”

குடித்தாள்.

செப்டம்பர் 25

இந்த நோட்டில் எழுதியதெல்லாம் சத்தியம், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஒன்று மட்டும் – திரெல்ஃபால் அத்தான் காதில் எதுவுமே சொல்லவில்லை. அது நானாகக் கட்டியது.