சுவர் நன்றாக விழுந்திருக்கிறது

வலியசாலை, திருவனந்தபுரம்

அம்மாவுக்கு நமஸ்காரம். முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம்.

நீ கேட்ட ஓணப் புடவை போட்டோவுக்காகக் கேமராவை ட்ரைபாடில் வைத்து, எதிரே போய் நின்று ரிமோட்டை அழுத்தினேன். நான் போய் நிற்பதற்கு முன்பே ஃபோகஸ் வைத்திருந்ததால் அது பின்சுவரில் விழுந்து, என் முகம் மங்கிவிட்டது. வீட்டுக்கார மாமி பார்த்துவிட்டு, "சுவர் நன்னா விழுந்திருக்கு, நீ எங்கேடி?" என்றாள்.

பிறகு நான் நிற்கும் இடத்தில் துணிக்கொடியில் குடையைத் தொங்கவிட்டு, அதற்கு ஃபோகஸ் வைத்து, அது நகராமலிருக்க மேனுவலுக்கு மாற்றினேன். குடையை எடுத்துவிட்டு நான் நின்றேன். எல்லாப் படமும் பளிச்.

நார்த்தங்காய் தீர்ந்துவிட்டது. கூரியரில் அனுப்பாதே, நீயே கொண்டுவா. குடைக்குப் பதிலாக நிற்க என் உயரத்தில் ஓர் ஆள் வேண்டும். நீதான் என் உயரம்.

ஆபீசுக்கு நேரமாகிறது.

வைதேகி