மருத மரத்தடியில் வேன்

14.5.96, ஏரல்

இதையெல்லாம் எழுதுவது தப்புதான். பி.ஏ. முடித்தும் அப்பாவிடம் வாயால் சொல்ல வரவில்லை.

நாங்கள் குடியிருக்கும் வேனுக்கு இன்று சாயங்காலம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்களுக்கு வெக்கை தெரியக்கூடாதென்று அப்பா இரண்டு நாளாக வண்டியை மருத மரத்தடியில் நிறுத்தியிருந்தார். கூரையிலுள்ள சோலார் தகட்டில் வெயில் படாமல் பேட்டரியில் சார்ஜ் ஏறாது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

இருட்டியதும் அப்பா பெருமையாக ஸ்விட்சைப் போட்டார். விளக்கு எரியவில்லை.

"பொண்ணு மொகத்தப் பாக்க பகல்லதான் வரணும் போலுக்கே, அண்ணாச்சி!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். அதுவரை எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

அவர்கள் போனபின் அப்பா வண்டியை வெட்டவெளிக்கு மாற்றினார். "நாளைக்கு நல்லா எரியும்ட்டி. நானே போயி திரும்ப வரச் சொல்லுதேன்" என்றார். நான் தலையாட்டினேன்.

அப்பா, போகாதீங்க.